தேசம்மாவுக்கு நான் சொன்ன பத்தியம்

சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் யாருக்காவது புத்தி தடுமாறினால், இப்போதெல்லாம் மந்திரிக்கிறவனுக்கு முன்னால் தேசம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள். அவள் மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே போவாள். "எப்போ ஆரம்பிச்சிது? இன்னா துன்னுச்சி? இன்னா மருந்து குட்ச்சிகினு கீது?" என்று கேட்பாள். பதில் வரும்வரை கட்டிப்போடுகிற கயிற்றை யாரும் தொடக்கூடாது. தொட்டவனுக்குக் கிடைக்கும் வசவு இருக்கிறதே, அதை எழுதினால் இந்தக் காகிதம் கூசும். போன மாதம் மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டிலிருந்தே அவளுக்கு ஆள் வந்தது என்றால் பாருங்கள்! கொல்லை வழியாக வரச் சொன்னார்கள். அவள் முன்வாசல் வழியாகத்தான் போனாள்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பைத்தியம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. நான் அதைப் புத்தகத்தில் பார்த்தவன். அவள் அதற்குள் போய்த் திரும்பி வந்தவள். அவளை அங்கே அனுப்பி வைத்தவன் நான்தான்.

என் பெயர் ஸ்ரீரங்கன். மந்தைவெளியில் டாக்டர் சூடாமணி அம்மாள் நடத்தும் வைத்தியசாலையில் கம்பவுண்டர். இந்த வருஷத்தோடு பத்தொன்பது வருஷ வேலை. டாக்டரம்மா உள் அறையில் நோயாளியைப் பார்த்துச் சீட்டு எழுதுவார். நான் வெளியே சீட்டைப் பார்த்து மருந்து கலந்து, சீசாவின் பக்கத்தில் வேளைக்கு இவ்வளவு என்று காட்டக் கோடு வெட்டிய காகிதத்தை ஒட்டிக் கொடுப்பேன். கொடுத்தவுடன் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பத்தியம் என்ன?"

இங்கிலீஷ் மருந்துக்குப் பெரும்பாலும் பத்தியம் கிடையாது. "ஒன்றும் கிடையாது, எதை வேண்டுமானாலும் சாப்பிடு" என்று முதல் வருஷம் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். சீசாவை மேலும் கீழும் பார்த்தார்கள். பத்தியம் கேட்காத மருந்தை யார் மருந்தென்று மதிக்கிறார்கள்? இரண்டு பேர் சீசாவை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து நானே ஒரு பத்தியம் வைத்துக்கொண்டேன். இருமலுக்குப் புளி கூடாது, வயிற்றுக்குக் காரம் கூடாது, நரம்பு சம்பந்தப்பட்ட எதற்கும் உப்பு கூடாது. சொன்னதும் அவர்கள் முகம் தெளியும். எனக்கும் பாதி டாக்டர் ஆகிவிட்ட மாதிரி இருக்கும். இது டாக்டரம்மாவுக்குத் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் தை மாதம் தேசம்மா வந்தாள். அவளுக்கு அப்போது முப்பது வயது. மார்கழிப் புயலில் கட்டுமரத்தோடு போன புருஷன் திரும்பவில்லை. பிள்ளை இல்லை. தம்பி குப்பனும் அவன் பெண்டாட்டி கோவிந்தம்மாவும் இருக்கும் குடிசையிலேயே இருந்தாள். இருபது நாளாகக் கண் மூடவில்லை என்றாள். டாக்டரம்மா அவளிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, தூக்கத்துக்குப் புரோமைடு கலவை ஒரு வாரத்துக்கு எழுதினார்.

"பத்தியம் இன்னா சாமி?" என்றாள் தேசம்மா.

"உப்பு கூடாது" என்றேன்.

அவள் சீசாவை வாங்கி இடுப்பில் செருகினாள். "கருவாடு போடறவகிட்ட உப்பு கூடாதுன்றியே" என்று சிரித்தாள். அந்தக் கடற்கரையில் அவள் கைக் கருவாட்டுக்குத் தனி மரியாதை உண்டு. வாளையோ நெத்திலியோ, அவள் உப்பு வைத்தால் மழைக்காலம் முழுவதும் கெடாது என்பார்கள். கைகள் இரண்டும் உப்பில் வெளுத்து வெடித்திருக்கும். அப்பேர்ப்பட்டவள், சொன்னால் சொன்னபடி, ஒரு கல் உப்பை நாக்கில் வைக்காமல் இருந்தாள்.

அடுத்த வாரமே டாக்டரம்மா தமக்கைக்கு உடம்பு சரியில்லை என்று விசாகப்பட்டினம் போய்விட்டார். மூன்று மாதம் வரவில்லை. வேறொரு டாக்டர் வாரம் இரண்டு நாள் வந்து போனார். பழைய நோயாளிகள் காலி சீசாவோடு வந்தால் நான் நிரப்பிக் கொடுப்பேன். தேசம்மாவும் வந்தாள். நிரப்பினேன். தூக்கம் வந்துவிட்டது என்று என்னைக் கும்பிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறாவது வாரம், "நாக்கு தடிச்சா மாதிரி கீது சாமி, எல்லாம் மறந்து மறந்து பூடுது" என்றாள். மருந்து போதவில்லை என்று நினைத்து ஒரு வேளையைக் கூட்டினேன். எட்டாவது வாரம் நடையில் தள்ளாட்டம் தெரிந்தது. புருஷன் கூடைக்குப் பின்னால் வந்து நிற்கிறான் என்று ரகசியமாகச் சொன்னாள். இன்னொரு வேளையைக் கூட்டினேன்! பத்தாவது வாரத்திலிருந்து அவள் வரவில்லை. கோவிந்தம்மா சீசாவோடு வந்தாள். "அண்ணிக்கு முத்திப்போச்சி சாமி. அவங்க அம்மா ரத்தம்" என்றாள்.

அம்மா கதை குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். தேசம்மாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவள் தாய் கங்கம்மா குப்பனைப் பெற்றாள். பத்தாம் நாள் பிள்ளையைப் பார்த்து இது என் பிள்ளை இல்லை என்று அலறினாள். ஒரு மாதம் பார்த்தார்கள். பிறகு கயிற்றால் கட்டிக் கால்வாய்ப் படகில் ஏற்றி, தெற்கே செங்கல்பட்டுப் பக்கம், பைத்தியங்களைச் சங்கிலியில் பிணைத்து வைக்கும் ஒரு சாமியார் மடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். புருஷன் இரண்டு தடவை போய்ப் பார்த்தான். அப்புறம் அவள் பேச்சையே எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுச் செத்தும் போனான். ஆறு வயது தேசம்மாதான் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். தாயைப் பைத்தியமாக்கிப் பிறந்தவன் என்ற பெயரோடு குப்பன் வளர்ந்தான்.

சித்திரையில் டாக்டரம்மா ஊர் திரும்பினார். அந்த மாதம் ஊரெல்லாம் உப்புப் பேச்சு. கடற்கரையில் உப்புக் காய்ச்சினவர்களைப் போலீஸ் தடியால் அடித்துத் துரத்திக்கொண்டிருந்தது. ஒரு சிட்டிகை உப்புக்காக ஊரே அடி வாங்கிக்கொண்டிருந்த சமயத்தில், நான் ஒருத்திக்கு மூன்று மாதமாக உப்பை நிறுத்தி வைத்திருந்தேன். அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

"அந்த மீன்காரப் பொண்ணு எப்படி இருக்கா?" என்று வந்த அன்று காலையிலேயே கேட்டார். சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

குடிசையின் நடுக் கம்பத்தில் தேசம்மாவைக் கட்டியிருந்தார்கள். கண் பாதி மூடியிருந்தது. உதட்டுக்குள் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். குப்பன் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் படகு. தாயைக் கொண்டுபோன அதே மடத்துக்குத்தான் அக்காளையும் கொண்டுபோகப் போகிறான். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாஜிஸ்டிரேட் உத்தரவு வேண்டும். மடத்துக்கு ஒரு கயிறும் ஒரு படகும் போதும்.

டாக்டரம்மா தேசம்மாவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். முப்பது வயதுக்காரி முகத்தில் பதினாறு வயதுப் பருக்கள் மண்டிக் கிடந்தன. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"அந்த மிக்ஸ்சர் ஒரு வாரத்தோட நிறுத்தியாச்சோல்லியோ?"

"இல்லேம்மா. ஒரு வேளை தவறாம குடுத்துண்டிருக்கேன்" என்றேன், பெருமையாக. "பத்தியத்துலயும் ஒரு குறை இல்லே."

"என்ன பத்தியம்?"

"உப்பில்லாப் பத்தியம்."

"யார் சொன்னா?"

நான் பையைக் கீழே வைத்தேன். டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது.

அவர் அங்கேயே நின்றபடி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். உடம்புக்கு உப்பும் புரோமைடும் கிட்டத்தட்ட ஒன்று. தினம் உப்பு உள்ளே வந்துகொண்டிருந்தால் புரோமைடும் அதோடு சேர்ந்து சிறுநீரில் வெளியேறிவிடும். உப்பே வராவிட்டால், உப்பு இருக்க வேண்டிய இடத்தில் அதன் சித்தப்பா பிள்ளை வந்து உட்கார்ந்துகொள்கிறான். எழுந்திருக்கமாட்டேன் என்கிறான். நாளுக்கு நாள் சேர்ந்து மூளையை நனைக்கிறான். முகத்தில் பரு கிளம்புகிறது, நாக்குத் தடிக்கிறது, கால் தள்ளாடுகிறது, இல்லாதவர்கள் எதிரே வந்து நிற்கிறார்கள். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்கிறார்கள்.

"அப்போ இவளுக்குப் பைத்தியம் இல்லியா?" என்றேன்.

"பைத்தியம்தான். இப்போ இவ படறது நிஜமான பைத்தியம். ஆனா அது ஆகாசத்துலேந்து வரலே. உங்க சீசாலேந்து வந்தது."

பாதி பயம், பாதி என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு துள்ளல்! சீசாவிலிருந்து வந்தது என்றால் வந்த வழியே போகும் இல்லையா? எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

டாக்டரம்மா குப்பனிடம் போனார். அவன் கேட்கிற மாதிரி இல்லை.

"எங்கம்மாவுக்கு வந்திச்சி, எங்கக்காவுக்கு வந்திச்சி. ரத்தத்துல கீது. நீ இன்னாமா பண்ணுவ?"

"ஒரே ஆத்துல ரெண்டு பேர் இருமினா ரெண்டும் ஒரே இருமலா? ஒருத்தருக்குக் காசம், ஒருத்தருக்கு அடுப்புப் புகை. காரணம் பார்க்க வேண்டாமா?"

"கண்ணால காட்டு. அப்பால பேசு" என்றான் குப்பன்.

கண்ணால் காட்ட ஒரு வழி இருந்தது! சில வருஷங்களுக்கு முன் வெளிநாட்டு வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வந்திருந்த பரிசோதனையை டாக்டரம்மா படித்து வைத்திருந்தார். ரத்தம் உறைந்ததும் மேலே தெளிந்து நிற்கும் நீரை எடுக்க வேண்டும். மருக்களைச் சுட நாங்கள் வைத்திருக்கும் அமிலத்தை அதில் சேர்த்து வடிகட்ட வேண்டும். பிறகு தங்கம் கரைத்த திரவத்தில் சில சொட்டு விட வேண்டும். புரோமைடு இல்லையென்றால் மஞ்சளாக நிற்கும். நிறைய இருந்தால் பழுப்பேறிச் சிவக்கும்.

"தங்கத் திரவத்துக்கு இப்போ எங்க போறது?" என்றார் டாக்டரம்மா. தேசம்மாவின் கையிலிருந்து ரத்தத்தை எடுத்தாயிற்று. மணி பத்தரை.

எனக்குப் பொறி தட்டியது. லஸ் பக்கத்தில் நூர் முஹம்மதுவின் போட்டோக் கடை! கல்யாணப் போட்டோக்களுக்கு நிறமேற்ற அவன் தங்கத் திரவம் வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். டிராமுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். மாட வீதியில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஆத்தில் யாருக்காவது ஏதாவதா என்று கேட்டார்கள். பதில் சொல்ல மூச்சில்லை.

"என்னா கம்பவுண்டர், நாய் துரத்துதா?" என்றான் நூர் முஹம்மது.

"தங்கம் கரைச்ச தண்ணி கொஞ்சம் வேணும். ஒரு பொம்பளையைச் சங்கிலிலேந்து காப்பாத்தணும்."

அவன் கறுப்புச் சீசாவை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, கடைக் கதவைச் சாத்தினான். "இத நான் பாக்காம யார் பாக்கறது?" என்று கூடவே வந்தான்.

வைத்தியசாலையில் ரத்தம் உறைந்து தெளிய வேண்டுமே! அதை அவசரப்படுத்த முடியுமா? நான் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நடக்கக்கூடாது, அதிர்கிறது என்று டாக்டரம்மா அதட்டினார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ரத்தம் வேண்டும் என்றார். சட்டைக் கையைச் சுருட்டி என் கையை நீட்டினேன். இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்தோம். மணி மூன்றே முக்காலுக்கு டாக்டரம்மா தங்கத்தை விட்டார். என் குழாய் எலுமிச்சை மஞ்சளில் நின்றது. தேசம்மாவின் குழாய் எங்கள் கண்ணெதிரிலேயே கறுத்து, காய்ச்சிய வெல்லப்பாகு நிறத்துக்கு வந்தது.

"அல்லா!" என்றான் நூர் முஹம்மது. டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். வெளியே பெஞ்சில் இருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தியின் மூளையைக் கெடுத்தது என்ன என்று வெறும் கண்ணால் பார்க்க முடிகிறதே! பேயா பிசாசா ரத்தமா என்று ஊர் சண்டை போட்டுக்கொண்டிருக்க, அது ஒரு குழாய்க்குள் பழுப்பாக நிற்கிறதே!

குழாய்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு கால்வாய்த் துறைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தேசம்மாவைத் தூக்கிப் படகின் பலகையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அது மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றி வரும் படகு. இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது.

"குப்பா! நிறுத்து! இது என் ரத்தம், இது உங்க அக்கா ரத்தம்!"

"கலர் தண்ணிய காட்டி ஏமாத்தறியா சாமி?"

மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். மருந்து சேர்ந்தது, உப்பு இல்லாததால் வெளியேறவில்லை, உப்பு கொடுத்தால் வெளியேறும். எல்லாம் சொன்னேன். அவன் கயிற்றை விடவில்லை. படகுக்காரன் கழியை ஊன்றிவிட்டான். இன்னும் ஒரு நிமிஷத்தில் படகு போய்விடும். குழாயைக் காட்டிப் பிரயோஜனமில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"உப்பு கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லலே குப்பா. நான் சொன்னேன். நானா சொன்னேன். எல்லார்கிட்டயும் ஏதாவது ஒண்ணு சொல்றது என் வழக்கம். மருந்தையும் யாரையும் கேக்காம நான்தான் கூட்டிக் குடுத்தேன்."

அவன் கயிற்றைக் கீழே போட்டான். படகிலிருந்து இறங்கி வந்தான். கன்னத்தில் விட்டான் ஒரு அறை! மஞ்சள் குழாய் சேற்றில் விழுந்து உடைந்தது. அந்த வருஷம் உப்புக்காக அடி வாங்கியவர்கள் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

"எத்தினி நாளு?" என்றான்.

"பத்து நாள்."

"படகு பத்து நாள்ல திரும்பி வரும். அதுக்குள்ள எங்கக்கா என்னிய பேர் சொல்லி கூப்புடணும். இல்லன்னா அக்காவும் போவும், உன்னியும் சேத்துக் கட்டி ஏத்துவேன்."

பத்து நாள்! மருந்தை நிறுத்தியாயிற்று. நிறையத் தண்ணீர், நிறைய உப்பு என்று அளவு சொல்லிக் கொடுத்தார் டாக்டரம்மா. உப்புத் தண்ணீரை வாயருகே கொண்டுபோனால் தேசம்மா விஷம் விஷம் என்று துப்பினாள். கஞ்சியில் போட்டால் கஞ்சியைக் கவிழ்த்தாள். மூன்று நாள் இப்படியே போயிற்று. நான் காலையும் மாலையும் குப்பத்துக்கு நடையாய் நடந்தேன். மூன்றாம் நாள் மாலை கூரையில் தொங்கிய கருவாட்டைப் பார்த்தேன். அவள் நோய்க்கு முன்னால் தன் கையால் போட்டது.

"கோவிந்தம்மா, அதைச் சுட்டுக் குடு" என்றேன். கோவிந்தம்மா தண்ணீர் எடுக்கப் போக வேண்டும் என்றாள். குப்பன் கடலில் இருந்தான். பிறந்ததிலிருந்து வெங்காயத்தையே யோசித்துச் சாப்பிடுகிறவன், வாளைக் கருவாட்டை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினேன். அந்த நெடியில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கம்பத்தில் சாய்ந்திருந்த தேசம்மா மூக்கைத் தூக்கினாள். கண்ணைத் திறந்தாள். கையை நீட்டினாள். தலையிலிருந்து வால் வரை ஒரு துண்டு விடாமல் தின்றுவிட்டு, ஒரு பானைத் தண்ணீரில் பாதியைக் குடித்தாள்!

அன்று வீட்டில் விசாலாக்ஷி, என் சம்சாரம், என்னை வாசற்படி ஏறவிடவில்லை.

"இந்த வேஷ்டியோட ஆத்துக்குள்ள வராதேங்கோ!" என்று கிணற்றடிக்குத் துரத்தினாள். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நடந்ததையெல்லாம் கத்திச் சொன்னேன். அவள் கொல்லை வாசலுக்கு வந்தாள்.

"சாப்பிட்டாளா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டா!"

"அப்போ நாளைக்கும் பழைய வேஷ்டியையே கட்டிண்டு போங்கோ" என்றாள்.

தினம் கருவாடு, தினம் தண்ணீர். ஐந்தாம் நாள் மூலையில் புருஷன் நிற்கிறான் என்று அவள் போட்ட அலறலில் குப்பன் மறுபடியும் கயிற்றை எடுத்தான். டாக்டரம்மா அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். ஏழாம் நாள் மருந்தில்லாமல் தூங்கினாள். எட்டாம் நாள் நாக்குத் திருந்தியது, ஆனால் யாரையும் பேர் சொல்லவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. படகு வர இரண்டு நாள்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை. பழைய கருவாடு தீர்ந்துபோய், கோவிந்தம்மா போட்டதைச் சுட்டுக் கொடுத்தேன். தேசம்மா ஒரு கடி கடித்தாள். முகத்தைச் சுளித்தாள். துண்டைக் கையில் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்டி கோவிந்தம்மா! இத்த யாருடி போட்டது? உப்பே புடிக்கல! நாலு நாள்ல புழு வெக்கும்! டேய் குப்பா, உன் பொண்டாட்டிக்கு நீயாவது சொல்லக்கூடாதா?"

குப்பன் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். திட்டு வாங்கிய கோவிந்தம்மா சிரித்தாள். நான் கடற்கரை மணலில் இறங்கி, என்ன செய்வதென்று தெரியாமல், கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வந்தேன்.

படகு வந்த அன்று டாக்டரம்மா அவளைப் பார்க்க வந்திருந்தார். தேசம்மா மெலிந்துபோய், ஆனால் நேராக உட்கார்ந்திருந்தாள். நான் செய்ததைக் குப்பன் முன்னமேயே அவளுக்குச் சொல்லியிருந்தான். நான் கூடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரம்மாவைத்தான் கேட்டாள்.

"எனக்கு வந்ததுக்குக் காரணம் கீதுன்னா, எங்கம்மாவுக்கு வந்ததுக்கு இன்னா காரணம்?"

டாக்டரம்மா ஒவ்வொன்றாக விசாரித்தார். எத்தனையாவது நாள், காய்ச்சல் இருந்ததா, அதற்கு முன் எப்போதாவது அப்படி இருந்ததா. தேசம்மாவுக்கு ஆறு வயது ஞாபகம்தான். இருந்தாலும் சொன்னாள்.

"நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா பிரசவத்துக்கப்புறம் சில பேருக்கு இப்படி வரும். உடம்புல திடீர்னு ஏற்படற மாறுதல், தூக்கமில்லாதது, ரத்தத்துல வர நோய், எது எவ்வளவுன்னு இன்னும் எங்களுக்கே சரியாத் தெரியலே. பார்க்கப் பயங்கரமா இருக்கும். ஆனா முக்கால்வாசிப் பேருக்குச் சில மாசத்துல தானே தெளிஞ்சுடும்."

"நா பொறந்ததாலயா?" என்றான் குப்பன். அவ்வளவு பெரிய ஆளின் குரல் கீச்சென்று வந்தது.

"பிரசவத்தால. உன்னால இல்லே."

தேசம்மாவுக்கு அது காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. "சில மாசத்துல தெளிஞ்சுடுமா?" என்று திரும்பக் கேட்டாள். "எங்கம்மா போயி இருவத்திநாலு வருசம் ஆச்சிமா."

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். உப்பு இறக்கிக்கொண்டிருந்த படகு மடத்துப் பக்கம் எப்போது கிளம்பும் என்று என்னைக் கேட்டாள். அன்றே கிளம்புகிறேன் என்றவளை டாக்டரம்மா அதட்டி, அடுத்த நடைக்குப் போ என்று நிறுத்தி வைத்தார். அடுத்த நடையில், தன்னைக் கட்டி ஏற்ற இருந்த அதே பலகையில், தேசம்மா கருவாட்டு மூட்டையோடு தானே ஏறி உட்கார்ந்தாள். கோவிந்தம்மா துணைக்குப் போனாள். குப்பன் வரமாட்டேன் என்றான். "நா எந்த மூஞ்சிய வெச்சிகினு போவேன்?" என்றான்.

படகு திரும்பும் நாளில் விடிந்ததிலிருந்து அவன் துறையிலேயே நின்றான். நானும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு நின்றேன். மத்தியானம் பாய் தெரிந்தது. மூன்று பேர்! படகுக்காரனை விட்டு எண்ணிப் பார்த்தேன், மூன்று தலை! நான் குதித்தேன். குப்பன் அசையவில்லை.

ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. தலை முழுவதும் நரை. ஒட்ட வெட்டியிருந்தார்கள். கணுக்காலில் வளையம் மாதிரி பழைய தழும்பு. தேசம்மா முதலில் இறங்கி என்னிடம் வந்தாள்.

"சங்கிலிய அவுத்து இருவது வருசத்துக்கு மேல ஆச்சாம் சாமி. நா போவ சொல்லோ மடத்த பெருக்கிகினு இருந்துச்சி. நல்லா கீது. எல்லாம் ஞாபகம் கீது. ஏம்மா நீயா வரலன்னு கேட்டேன். 'யாரும் கூப்புடலயே'ன்னுச்சி."

அதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

கங்கம்மா படகின் விளிம்பில் நின்று கரையைப் பார்த்தாள். கீழே ஒரே சேறு. குப்பன் முழங்காலளவு சேற்றில் இறங்கிப்போய், இரண்டு கையையும் அவளுக்கு நீட்டினான்.

அவள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "நீ யாரு நைனா?" என்றாள்.

அவன் நீட்டிய கைகளை இன்னும் உயர்த்தினான். தேசம்மாதான் கரையிலிருந்து கத்தினாள்: "கைப்புள்ளயா உட்டுட்டு போனியேமா, அவந்தான்!"

கங்கம்மா அவன் தலையில் கை வைத்தாள். ஒரு காதைத் தொட்டாள், மறு காதைத் தொட்டாள். அவன் அவளைத் தூக்கித் தோளோடு சேர்த்துக்கொண்டு சேற்றைக் கடந்தான். கரை வந்ததும், "எறக்கி உடு, நானே நடப்பேன்" என்றாள். அவன் இறக்கிவிட்டான். அவள் முன்னால் நடந்தாள், பிள்ளைகள் இரண்டு பேரும் பின்னால் போனார்கள்.